கணக்கு முடிந்தும் கண் மூடாதவர்களுக்கு: ரங்கூன் சீன வைத்தியம் சொல்லும் வழி

ரங்கூனில் உளுந்துத் தரகு பார்க்கிறவனுக்குத் தூக்கம் கெட தனிக் காரணம் தேட வேண்டாம். டாலர் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. 2017-இல் இந்தியா உளுந்துக்கும் துவரைக்கும் இறக்குமதி வரம்பு கட்டியது. அன்றிலிருந்து டெல்லியில் யாராவது பேனாவை எடுத்தாலே பேயின்னவுங் சந்தையில் எங்களுக்கு வயிறு கலங்குகிறது. அது போதாதென்று சென்னைப் பார்ட்டி “மணி ஒன்பதுதானே அண்ணே” என்று கூப்பிடுவார். அவருக்கு ஒன்பது, நமக்குப் பத்து. பேசி முடித்துப் படுத்தால் மூட்டைக் கணக்கு விடிய விடிய ஓடும்.

எங்கள் தொழிலில் பாதிப் பேர் இதற்காகச் சீனர் பேட்டையான தயோக் தானுக்குப் போய் வருகிறார்கள். லத்தா, லம்மடா தெருக்களில் சீன மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. போனதும் எல்லாரும் கேட்பது, “தூக்கத்துக்கு ஒரு மருந்து கொடுங்க சயா.” சயா என்றால் இங்கே வைத்தியர். அங்கேதான் விஷயம் கோணலாகிறது. சீன வைத்தியத்தில் தூக்கத்துக்கென்று ஒரே மருந்து கிடையாது. தூக்கம் எந்த விதமாகக் கெடுகிறதோ, அந்த விதத்துக்குத்தான் மருந்து. ஒருவரைத் தூங்க வைத்த பொட்டலம் இன்னொருவருக்கு வயிற்றைக் கெடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். அதனால் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்த்து வைக்க வேண்டியதை முதலில் சொல்கிறேன். வீட்டிலேயே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. பலருக்குக் கடை வரை போகும் தேவையே வராது.

முதலில் நாக்கைப் பாருங்கள்

காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல், டீ குடிக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டுங்கள். குழல் விளக்கில் பார்த்தால் நிறம் ஏமாற்றும். வெற்றிலை போடுகிறவர்கள் முந்தின மாலையே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊரில் எல்லா நாக்கும் சிவப்பாகத்தான் தெரியும். நான் போகும் சயா வெற்றிலை வாயோடு வருகிறவரை உட்காரக்கூட விடமாட்டார், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்.

நுனி மட்டும் சிவந்திருந்தால் இதயத்தில் சூடு என்பார்கள். இரண்டு ஓரமும் சிவந்திருந்தால் கல்லீரல். நாக்கு வெளிறி, ஓரத்தில் பல் பதிந்த தடம் இருந்தால் மண்ணீரல் சோர்ந்திருக்கிறது. மேலே மஞ்சளாகத் தடித்த மாவு படிந்திருந்தால் சளியும் சூடும் கலந்த நிலை. மாவே இல்லாமல் சிவந்து வறண்டு கிடந்தால் உடம்பின் குளிர்ச்சி, அதாவது யின், வற்றிவிட்டது. இதோடு இன்னும் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: படுத்ததும் வரவில்லையா, வந்து நடுவில் முழிப்பா, கனவு அதிகமா, காலையில் வாய் கசக்கிறதா, இரவில் உள்ளங்கை உள்ளங்கால் எரிகிறதா, மலம் எப்படிப் போகிறது. சயா நாடி பிடிக்கும்போது கேட்பதும் இவைதான். அவரும் நம் சித்த வைத்தியரைப் போல மூன்று விரல் வைத்துத்தான் பார்க்கிறார். ஆனால் வாதம் பித்தம் கபம் என்று பிரிப்பதில்லை. இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலுக்கும் வேறு வேறு உறுப்பு.

அடிப்படைக் கருத்து எளிது. மனத்தின் விழிப்புக்கு ஷென் என்று பெயர். அது பகலில் வெளியே உலவும். இரவில் இதயத்துக்குத் திரும்பி இரத்தத்தில் அடங்கும். இரத்தம் போதாவிட்டால் அதற்குப் படுக்க இடமில்லை. சூடு ஏறினால் இடம் இருந்தும் இருப்புக் கொள்ளாது. தூக்கமின்மையை இந்த இரண்டில் எது என்று பிரிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். இங்கே இதயம், கல்லீரல் என்பதெல்லாம் ஆஸ்பத்திரி ஸ்கேனில் தெரிகிற உறுப்பு அல்ல, ஒரு வேலைத் தொகுதியின் பெயர். கல்லீரல் சூடு என்று கேட்டுவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம்.

எரிச்சல்காரர்களும் களைத்தவர்களும்

தரகர், கடைக்காரர், கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர், இவர்களில் பெரும்பாலோர் கல்லீரல் வகை. பகலில் வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு சிரித்துப் பேசியிருப்பார்கள். ஓட வேண்டிய உயிரோட்டம் தேங்கி, தேங்கியது சூடாகி, சூடு மேலே ஏறுகிறது. எங்கள் ஆத்தா “பித்தம் தலைக்கேறிப் போச்சு” என்பாளே, ஏறக்குறைய அதேதான். அடையாளம்: படுத்து நெடுநேரம் ஆகியும் வராது, நெஞ்சில் அடைப்பு, அடிக்கடி பெருமூச்சு, வாய்க்கசப்பு, கண் சிவப்பு, சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவது.

இவர்களுக்கு மருந்தைவிட முக்கியம், தேங்கியது இறங்க வழி செய்வது. மாலை இருட்டுமுன் அரை மணி நேரம் கை வீசி நடக்க வேண்டும். மறுநாள் யாரோடு சண்டை போட வேண்டுமோ அதைத் தாளில் எழுதி மூடிவைத்துவிட வேண்டும். கணக்குப் புத்தகம் படுக்கையறைக்குள் வரக்கூடாது, போனும்தான். சாயங்காலம் சாமந்திப்பூ டீ குடிக்கலாம்: காய்ந்த பூ ஐந்தாறு, கொதிநீர், மூடி வைத்துச் சில நிமிடம். சர்க்கரை வேண்டாம். அது குளிர்ச்சி என்பதால் வயிறு இளகி அடிக்கடி பேதியாகிறவர்களுக்கு ஒத்துவராது.

இன்னொரு பக்கம், வேலையும் கவலையுமாகப் பல மாதம் ஓடிக் களைத்தவர்கள். படுத்ததும் தூக்கம் வரும், லேசான தூக்கம், கனவாகக் கொட்டும், ஒன்றுமில்லாததற்கு முழிப்பு வரும். முகம் வெளிறியிருக்கும், பசி இருக்காது, படபடப்பு, மறதி. மண்ணீரல் இரத்தம் செய்யவில்லை, இதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்பது கணக்கு. வீட்டில் பெரியவரை நோயோடு வைத்துப் பார்க்கிற பெண்கள் பலர் இந்த வகை. அவர்களிடம் போய் “கவலைப்படாமல் தூங்கு” என்று சொல்வதில் புண்ணியமில்லை. வேளைக்குச் சூடாகச் சாப்பிட வைக்க வேண்டும். செம்பேரீச்சை (சீன இலந்தைப் பழம், நம் பேரீச்சம்பழம் அல்ல) ஐந்தாறைக் கீறி, காய்ந்த லாங்கன் பழம் ஒரு பிடி, தாமரை விதை ஒரு பிடி போட்டு அரிசிக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுங்கள். மூன்றும் தயோக் தானில் ஒரே கடையில் கிடைக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் செம்பேரீச்சையும் லாங்கனும் கூடாது, தாமரை விதை மட்டும் போதும்.

மாதவிடாய் நிற்கும் வயதிலும் அதற்குப் பிறகும், உள்ளங்கால் எரிந்து, இரவு வியர்த்து, வாய் வறண்டு முழிப்பு வந்தால் அது நீரும் நெருப்பும் ஒன்றையொன்று சந்திக்காத வகை. சிறுநீரகத்தின் நீர் மேலே ஏறி இதயத்தின் நெருப்பை அடக்க வேண்டும், அடக்கவில்லை. இதைச் சயாவிடம் விட்டுவிடுங்கள்; வீட்டில் பார்க்க முடிவது கீழே சொல்லும் கால் குளியல் மட்டும்.

ஒரு மணி முதல் மூன்று மணி வரை கல்லீரலின் நேரம், அப்போது முழிப்பு வந்தால் கல்லீரல் கோளாறு என்று ஒரு கடிகாரக் கணக்கும் சொல்வார்கள். நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம் ஊரில் ஒரு மணிக்கு முழிப்பு வந்தால் கல்லீரலைக் குறை சொல்லுமுன் கரண்ட் வந்ததா என்று பாருங்கள். கரண்ட் வந்ததும் விளக்கெல்லாம் எரியும், பக்கத்து வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றும், தெருவே எழுந்துகொள்ளும். படுக்குமுன் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுங்கள். தண்ணீர் ஏற்றுகிற முறையை வீட்டில் ஆள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், தூக்கம் கெட்டவருக்கு அந்த வேலை வேண்டாம்.

ராத்திரிச் சோறு

வயிறு அமைதியில்லாவிட்டால் படுக்கையிலும் அமைதியில்லை என்று ஈராயிரம் ஆண்டுப் பழைய நெய்ஜிங் நூலிலேயே இருக்கிறது. சீன வைத்தியத்தில் எனக்கு மறுபேச்சில்லாத இடம் இதுதான். 19-ஆம் தெருவில் உட்கார்ந்து பியரும் கம்பியில் சுட்ட பன்றிக்கறியும் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தால், எந்தச் சயாவின் மருந்துக்கும் வேலை இல்லை. நாக்கில் மஞ்சள் மாவு படிந்தவர்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள்: நெஞ்சு கரிப்பு, ஏப்பம், தலை கனம், புரண்டு புரண்டு படுப்பது. சாராயம் முதலில் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிட்டுவிடும். இவர்கள் ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்தால் போதும், பாதி சரியாகிவிடும். எண்ணெய்க் குழம்பை மதியத்துக்கு மாற்றிவிட்டு இரவில் கஞ்சியோ ரசஞ்சோறோ போதும்.

அப்புறம் லப்பெட் தோ, அதாவது ஊறவைத்த தேயிலைக் கலவை. சாப்பிட்டு முடித்ததும் தட்டில் பூண்டும் எள்ளும் வறுத்த பருப்புமாக வந்து உட்காரும், வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. ஆனால் அது தேயிலைதான், காபிக் கொட்டையில் இருக்கிற அதே காஃபீன் அதிலும் உண்டு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் விழித்திருக்க அதைத்தானே மெல்லுகிறார்கள்? பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு லப்பெட்டும் வேண்டாம், டீக்கடைக் கடும் டீயும் வேண்டாம். தட்டில் வறுத்த பருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கையும் காலும்

ஊசி குத்துவதைச் சயா பார்த்துக்கொள்வார். அதே புள்ளிகளை நாம் விரலால் அழுத்தலாம். எனக்குத் தெரிந்து தொடர்ந்து செய்கிறவர்கள் எல்லாரும் இந்த நான்கோடு நிற்கிறார்கள்.

ஷென்மென்: உள்ளங்கையை மேலே திருப்புங்கள். மணிக்கட்டில் கை மடியும் கோடு இருக்கிறதல்லவா, அதன் வழியே சுண்டு விரல் பக்கமாகப் போனால் பட்டாணி அளவு எலும்பு தட்டுப்படும். அந்த எலும்புக்கு உள்பக்கத்தில், கோட்டின் மேலேயே, தசைநாண் ஒன்றின் ஓரமாகச் சின்னப் பள்ளம். கட்டைவிரல் நுனியை அதில் வைத்து, நகம் படாமல், லேசான வலி தெரியும் அளவுக்கு அழுத்தி மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கைக்கு இரண்டு நிமிடம். மூச்சை நீளமாக விட்டபடி செய்தால் இன்னும் நல்லது. கவலையால் தூக்கம் கெட்டவர்களுக்கு முதல் புள்ளி இதுதான்.

நெய்குவான்: அதே மணிக்கட்டுக் கோட்டிலிருந்து முழங்கை நோக்கி, மற்றக் கையின் மூன்று விரலைச் சேர்த்து வையுங்கள். மூன்றாவது விரலின் விளிம்பு முடியும் இடத்தில், இரண்டு தசைநாணுக்கு நடுவில். படபடப்புக்கும் குமட்டலுக்கும் இது.

தாய்ச்சோங்: கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து விரலைப் புறங்கால் மேலே நகர்த்துங்கள். இரண்டு எலும்பும் சேரப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் பள்ளத்தில் நிற்கும். எரிச்சல்காரர்களுக்கு இங்கே தொட்டாலே வலிக்கும், எங்கள் சந்தையில் பலர் முகம் சுளித்துப் பார்த்திருக்கிறேன். விரலை உள்ளே அழுத்திக் கால்விரல் பக்கமாகத் தள்ளித் தேய்க்க வேண்டும்.

சன்யின்ஜியாவ்: உள் கணுக்கால் எலும்பின் உச்சிக்கு மேலே நான்கு விரல், கால் எலும்பின் பின் விளிம்பில். களைத்த வகைக்கு நல்லது. கர்ப்பிணிகள் இந்தப் புள்ளியைத் தொடவே கூடாது.

கால் குளியலுக்குப் பிளாஸ்டிக் வாளி போதும். கணுக்காலுக்கு மேலே நிற்கும் அளவு வெந்நீர், 40 டிகிரி அளவு. வெப்பமானி இல்லாவிட்டால் முழங்கையை விட்டுப் பாருங்கள், சுடாமல் இதமாக இருக்க வேண்டும். கரண்ட் இல்லாத ராத்திரியில் கரி அடுப்பில் ஒரு கெட்டில் போட்டு வைத்தால், ஆற ஆற ஊற்றிக்கொள்ளலாம். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பதினைந்து இருபது நிமிடம். நெற்றியில் லேசாக வியர்வை துளிர்த்ததும் எடுத்துவிட வேண்டும், வழிய வழிய உட்காரக்கூடாது. துடைத்துவிட்டு உள்ளங்காலின் முன்பாதியில், விரலை மடக்கினால் குழியும் இடத்தை, நூறு எண்ணும் வரை தேய்த்துவிட்டுப் படுங்கள். சூட்டைக் கீழே இழுக்கிறது என்பது சயாவின் விளக்கம். பாதம் சூடானால் அங்கே இரத்தக் குழாய் விரிந்து உடம்பின் உள்சூடு வெளியேறுகிறது, உள்சூடு குறையும்போதுதான் தூக்கம் வருகிறது என்பது டாக்டரின் விளக்கம். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு மட்டும் இது வேண்டாம், வெந்தாலும் தெரியாது.

கடைக்குப் போனால்

சுவான் ஸாவ் ரென் என்று கேளுங்கள். ஒரு வகைச் சீனக் காட்டு இலந்தையின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. ஹான் காலத்து வைத்தியர் ஜாங் ஜொங்ஜிங், களைத்து மனம் அலைந்து தூங்க முடியாதவர்களுக்கு என்று எழுதிவைத்த கஷாயத்தின் முதல் சரக்கு இதுதான். கிட்டத்தட்ட 1800 ஆண்டாகியும் இந்த நோய்க்கு இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

வாங்கும்போது கண்ணை வைத்து வாங்குங்கள். நல்ல சரக்கு செம்பழுப்பாக, கொஞ்சம் ஊதா கலந்து, பளபளப்பாக இருக்கும். தட்டையான முட்டை வடிவம். ஒரு பக்கம் நடுவில் நீளவாட்டில் மேடான கோடு ஓடும். மஞ்சள் பழுப்பாக, அந்தக் கோடே இல்லாமல் இருந்தால் அது நம் ஊர் இலந்தையின் பருப்பு. பகான் பக்கம் வெல்லம் போட்டு விற்கிறார்களே, அந்தப் பழக் கொட்டையின் உள்ளிருப்பது. யுன்னானிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போய் இதே பெயரில் கலக்கிறது. விலை குறைவு, ஆனால் நூலில் சொன்ன மருந்து இதுவல்ல. உளுந்தில் கல் பொறுக்கத் தெரிந்தவனுக்கு இதைப் பிரித்துப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம். கடைக்காரர் கியாட்தாவில் நிறுத்தால், ஒரு கியாட்தா 16 கிராமுக்குச் சற்று மேல், ஆகவே முக்கால் கியாட்தா சரியான அளவு. வறுத்ததை வாங்கி, காய்ச்சும் முன் உரலில் இரண்டு இடி இடித்துக்கொள்ளுங்கள், முழுசாகப் போட்டால் சத்து இறங்காது. இரண்டு கோப்பைத் தண்ணீர், சிறு தீ, அரை மணி நேரம், ஒரு கோப்பையாகச் சுண்ட வேண்டும். வடிகட்டி, படுப்பதற்கு ஒரு மணி முன் வெதுவெதுப்பாக. வயிற்றுப்போக்கு இருக்கும்போது வேண்டாம்.

கூட்டு மருந்தெல்லாம் சயா நாடி பார்த்த பிறகுதான். களைத்த வகைக்குக் குய் பி வான் என்ற உருண்டை மருந்து தருவார்கள். கல்லீரல் தேக்கத்துக்குச் சியாவ் யாவ் தூள். பெயர் தெரிந்ததால் நீங்களே வாங்கிச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

தொடக்கூடாதவை

பழைய முறைத் தூக்க உருண்டைகள் சிலவற்றில் சாதிலிங்கம் சேரும், அல்லது மேலே சிவப்பாகப் பூசப்பட்டிருக்கும். சீனப் பெயர் ஜூஷா. அதில் இருப்பது பாதரசம். “நெடுநாளாக எல்லாரும் சாப்பிடுகிறார்கள்” என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள். அடுத்தது, கல்லீரல் சூட்டுக்கென்று விற்கும் லோங் தான் மருந்து. அதில் முன்பு சேர்த்த குவான் மூ தோங் என்ற கொடி சிறுநீரகத்தைக் கெடுத்ததால் சீனாவே 2003-இல் அதைத் தடை செய்தது. சீட்டில்லாத, தேதியில்லாத புட்டியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், “தான்ஷென்” என்ற வேர் சேர்ந்த மருந்தைத் தொடவே கூடாது. இரத்தக் கொதிப்புக்காரர்கள் அதிமதுரம் எவ்வளவு சேருகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும், பெரும்பாலான சீனக் கஷாயத்தில் அது உண்டு. ஆஸ்பத்திரித் தூக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கஷாயம் தொடங்கிவிட்டோம் என்று அதை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, முன்பைவிட மோசமாகும். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். குறட்டையின் நடுவே மூச்சு நிற்பவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு வருகிறவர்கள், இவர்களுக்கு இந்தக் கட்டுரை அல்ல. நேரே டாக்டர்.

இந்த மூலிகைகளுக்குச் சோதனை ஆதாரம் கொஞ்சம்தான். இன்றைய மருத்துவம் நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் சொல்வது மாத்திரையையும் அல்ல, சிபிடி-ஐ என்ற பழக்கப் பயிற்சியை. அதிலிருந்து இரண்டை எடுத்து இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும், படுத்து இருபது நிமிடம்போல ஆகியும் வராவிட்டால் எழுந்துபோய் மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் செருகும்போது திரும்ப வர வேண்டும். மணி பார்க்கக்கூடாது.

இரண்டு மூன்று வாரம் சாப்பாடு, கால் குளியல், ஷென்மென் மூன்றையும் விடாமல் பாருங்கள். வாரத்தில் மூன்று ராத்திரியாவது கெட்டு, மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டாம், அது நாட்பட்டது. சயாவிடம் போகும்போது ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படுத்த நேரம், எழுந்த நேரம், ராத்திரி என்ன சாப்பிட்டது, நாக்கின் நிறம், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். சாப்பிடும் மாத்திரைகளைப் பையோடு எடுத்துப் போய் அவர் மேஜையில் கொட்டிக் காட்டுங்கள். நம் பர்மியப் பேச்சில் மருந்துப் பெயரைச் சொல்லி, அவர் அதைத் தன் கண்டொனியச் சீனத்தில் புரிந்துகொண்டு வருவதற்குள் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.